சொல் தெளியும் ஒலிபெருக்கி

ஒலிபெருக்கி அமைப்பின் தரத்துக்கு முதல் அளவுகோல், கேட்பவருக்குச் சொல் புரிகிறதா என்பதே. எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில் பாதை இந்த அளவுகோலுக்குக் கடுமையான தேர்வு வைக்கிறது. அம்பத்தூருக்கு முன்னால் வரும் நிலையம் பட்டரவாக்கம். ஆவடியைத் தாண்டினால் பட்டாபிராம். திருமுல்லைவாயல், திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு என ‘திரு’வில் தொடங்கும் பெயர்கள் வேறு. முன்பாதி மட்டும் காதில் விழுந்து பின்பாதி இரைச்சலில் கரைந்துவிட்டால், அறிவிப்பைக் கேட்டும் பயனில்லை. மின்பலகை இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது. 2023 பிப்ரவரியில் சென்னை சென்ட்ரலில் ஒலி அறிவிப்பு நிறுத்தப்பட்டபோது, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உள்ளிட்ட பயணிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே அறிவிப்பு மீண்டும் வந்தது.

சொல் தெளியவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்வது வால்யூமைக் கூட்டுவது அல்லது பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்குவது. இரண்டும் பெரிதாக உதவுவதில்லை. 100 வாட் ஆம்ப்ளிஃபையரை எடுத்துவிட்டு 200 வாட் வைத்தால் ஒலி அளவு 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு அது சிறு மாற்றம். ஒலி இரு மடங்கு உரத்துக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அப்படிக் கூட்டினாலும் குரலோடு சேர்ந்து அதன் குழப்பமும் கூடும். தெளிவைக் கெடுப்பவை எவை என்று பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைப்பதுதான் வழி. அந்த வேலையைச் செய்யும் கருவியே ஒலிச் செயலி. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளிலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் இதற்குப் பெயர் ‘புராசசர்’ அல்லது ‘டிஎஸ்பி’. மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் உட்காரும் சிறு பெட்டி அது.

பேச்சின் ஆற்றலும் பேச்சின் பொருளும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகளோ அதற்கு மேலே, குறிப்பாக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், மிகக் குறைந்த ஆற்றலோடு இருக்கின்றன. ‘பாடம்’, ‘பாதம்’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது நாக்கு விடுபடும் சில மில்லிவினாடி வெடிப்பும், அதையொட்டி உயிரொலியில் ஏற்படும் சிறு வளைவும்தான். ‘மழை’யை ‘மலை’யிலிருந்து பிரிப்பது நாக்கு மடங்கும்போது கீழே இறங்கும் மூன்றாம் ஒத்ததிர்வுப் பட்டை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி பிளெட்சரும் அவருடைய குழுவினரும் இந்தப் பட்டைகளின் பங்கை அளந்ததன் பயனைப் பழைய தொலைபேசியில் காணலாம்: 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்திய அந்தக் கருவியில் குரலின் கனம் போய்விட்டாலும் பேச்சு புரிந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. தாழ்ந்த அதிர்வெண் ஒலி உரக்க இருந்தால், அது தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். கோயில் திருவிழாவில் அறிவிப்பாளர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசுவதைக் கவனித்தால் இது விளங்கும். ஒரு திசைப் பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி தானாகவே பெருகும். குரல் கம்பீரமாக, ‘பாஸ்’ நிறைந்து ஒலிக்கும். பேசுபவருக்கும் அருகில் நிற்பவர்களுக்கும் அது பிடித்துப் போகும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கோ ‘ஊம் ஊம்’ என்ற முழக்கம்தான் கிடைக்கும்.

செயலி முதலில் செய்வது ஒலியை எண்ணாக்குவது. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஒரு வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாகப் பதிகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. ஒரு வடிகட்டியை எடுத்துக்கொண்டால், இப்போது வந்த எண், அதற்கு முந்தைய இரண்டு எண்கள், கடைசியாக வெளியே அனுப்பிய இரண்டு எண்கள் ஆகிய ஐந்தையும் ஐந்து கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் புதிய எண் கிடைக்கிறது. அந்த ஐந்து கெழுக்களை மாற்றினால் அதே கணக்கு தாழ்ந்த ஒலியை வெட்டும், அல்லது 3,000 ஹெர்ட்ஸைத் தூக்கும், அல்லது ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் பள்ளமாக்கும். ஒரு வடிகட்டிக்கு வினாடிக்கு 2,40,000 பெருக்கல்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த டிஎம்எஸ் 32010 போன்ற சிப்புகள், பெருக்கலுக்கென்றே தனிச் சுற்று வைத்து இதைச் சாத்தியமாக்கின. இன்று சிறிய சிப் ஒன்றே இப்படிப்பட்ட வடிகட்டிகளைப் பல டஜன் கணக்கில் ஓட்டுகிறது.

பேச்சுக்கு முதலில் போட வேண்டியது தாழ்வெட்டு வடிகட்டி. அறிவிப்பு மட்டும் செய்யும் அமைப்பில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத் தயங்காமல் வெட்டலாம். கையால் மைக்கைத் தடவும் ஓசை, காற்று மோதும் ஓசை, மின்விசிறியின் ரீங்காரம் எல்லாம் அதோடு பெருமளவு குறைந்துவிடும். குழாய் ஸ்பீக்கர் என்றால் இது கட்டாயம். நிலையங்களிலும் கோயில்களிலும் காணப்படும் கூம்பு ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியை வெளியே தள்ளாது. ஆனால் அந்தத் தாழ்ந்த மின்னலை அதன் ‘யூனிட்’டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை மட்டும் வீணாக ஆட்டிக் கிழித்துவிடும். வெட்டிவிட்டால் யூனிட்டும் நீடிக்கும், குரலும் தெளியும். அடுத்து 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான மந்தத்தைச் சில டெசிபல் இறக்க வேண்டும். இதைச் செய்த பிறகு 3,000 ஹெர்ட்ஸைத் தூக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். கூட்டுவதைவிடக் குறைப்பதில் செயலி கெட்டிக்காரக் கருவி. இதை உணராமல் எல்லாப் பட்டைகளையும் மேலே ஏற்றி வைத்த ஈக்வலைசர்களே ஊரில் அதிகம்.

பேச்சின் மேடுபள்ளம் அடுத்த சிக்கல். ஒருவர் வாக்கியத்தை உரக்கத் தொடங்கி இறுதியில் குரலைத் தாழ்த்துகிறார். தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், ‘வரும்’ என்றாரா ‘வராது’ என்றாரா என்பது அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. செயலியில் உள்ள அமுக்கி (‘கம்ப்ரசர்’) இதைச் சமன் செய்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைத்தால், குறித்த அளவுக்கு மேலே குரல் 12 டெசிபல் எகிறினாலும் வெளியே 4 டெசிபல்தான் எகிறும். மேடு இறங்கியதும் மொத்தத்தையும் சற்று உயர்த்தலாம். பள்ளத்தில் கிடந்த சொற்கள் இரைச்சலுக்கு மேலே வந்துவிடும். பேச்சு தடையின்றிப் புரியச் சுற்றுச்சத்தத்தைவிட 10 டெசிபலாவது, முடிந்தால் 15 டெசிபல், குரல் மேலே நிற்க வேண்டும். அமுக்கியை அளவுமீறி இறுக்கினால் பேச்சின் இடைவெளிகளில் மின்விசிறிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் பொங்கி வரும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் சுற்றுச்சத்தமே நிலையாக இருப்பதில்லை. பிரஸ் ஓடும்போது ஓர் அளவு, ஷிஃப்ட் மாறும்போது வேறோர் அளவு. இதற்கெனச் சில செயலிகள் தனி மைக் ஒன்றை வைத்து, அறிவிப்பு இல்லாத நேரத்தில் சுற்றுச்சத்தத்தை அளந்து, அதற்கேற்ப அறிவிப்பின் அளவை ஏற்றி இறக்குகின்றன. தீ எச்சரிக்கை போன்ற உயிர்காக்கும் அறிவிப்புக்கு இது பெரும் துணை. நடைமேடையில் விரைவு ரயில் கடக்கும்போதோ அளவை ஏற்றிப் பயனில்லை. வண்டி போகும்வரை அறிவிப்பை நிறுத்திவைத்து, பிறகு சொல்வதே அறிவுடைய வழி. பதிவுசெய்த அறிவிப்பில் இது எளிது.

ஒலிச் செயலியின் பணிகளில் மிகச் சுவையானதும், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் தாமதம் கொடுத்தல். ஒலிபெருக்கிக்கு மின்சமிக்ஞை கம்பி வழியே கணப்பொழுதில் போய்விடுகிறது. காற்றில் ஒலியோ 30 டிகிரி வெப்பத்தில் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர்தான் போகிறது. மேடையில் ஒரு ஸ்பீக்கரும் 60 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் மற்றொன்றும் இருந்தால், கம்பத்தருகே நிற்பவருக்கு முதலில் கம்பத்து ஒலியும், 172 மில்லிவினாடி கழித்து மேடை ஒலியும் வந்து சேரும். ஒரே சொல் இரண்டு முறை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த ஆய்வு இதற்கு எல்லை வகுத்தது: ஏறத்தாழ 30 மில்லிவினாடிக்குள் பின்தொடரும் ஒலியைக் காது முதல் ஒலியோடு சேர்த்து ஒன்றாகவே கேட்கிறது, முதலில் வந்த திசையையே ஒலியின் திசையாகவும் கொள்கிறது. 50 மில்லிவினாடியைத் தாண்டினால் பேச்சில் அது தனி எதிரொலியாகி, சொல்லைக் குலைக்கத் தொடங்குகிறது.

தீர்வு, கம்பத்து ஸ்பீக்கரை 172 மில்லிவினாடி காத்திருக்கச் செய்வது. செயலியின் நினைவகத்தில் வந்து சேரும் எண்கள், டிக்கெட் கவுன்டர் வரிசையில் நிற்பவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, சுமார் 8,250 இடங்களைக் கடந்த பிறகே வெளியேறுகின்றன. அதோடு இன்னும் 10 மில்லிவினாடி கூடுதலாகக் கொடுத்தால் மேடை ஒலி ஒரு கணம் முந்திக்கொள்ளும். குரல் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும், தெளிவை மட்டும் கம்பம் கொடுக்கும்.

இவ்வளவு எளிய தீர்வு நெடுங்காலம் கிடைக்காமல் இருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிசப் பாணிச் சமுதாயம் என்னும் இலக்கை ஏற்ற காலத்தில், ஒலியைத் தாமதப்படுத்துவது உலகின் மிகச் சில இடங்களில் மட்டுமே நடந்தது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள், விளிம்பில் காந்தப் பூச்சுள்ள சுழலும் சக்கரத்தில் குரலைப் பதிந்து, சற்றுத் தள்ளி வைத்த தலைகளால் மீண்டும் எடுத்து, தூரத்துத் தூண் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினார்கள். எண்முறைத் தாமதக் கருவி கடைக்கு வந்தது 1971இல். லெக்சிகான் நிறுவனத்தின் டெல்டா டி-101 அது. இன்று மலிவான செயலியிலும் இந்த வசதி இருக்கிறது. ஆயினும் ஊர்க் கூட்டங்களில் கம்பத்துக்குக் கம்பம் ஒரே கம்பியில் ஸ்பீக்கர்களை இணைத்துக்கொண்டே போவது தொடர்கிறது. தாமதம் கொடுக்க ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வழி வேண்டும் என்பதே தடை.

ரயில் நடைமேடையில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பன்னிரண்டு பெட்டி வண்டி நிற்கும் நடைமேடை கால் கிலோமீட்டர் நீளம். அங்கே 20 மீட்டருக்கு ஒரு குழாய் என்று பொருத்தினால், ஒவ்வொரு குழாயின் ஒலியும் அடுத்ததைவிட 57 மில்லிவினாடி பிந்தி வரும். குழாய்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருந்தால் எந்தத் தாமதமும் இதைச் சரிசெய்யாது. ஒருவருக்குச் சரியாகும் கணக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்குத் தவறாகும். எல்லாக் குழாய்களும் ஒரே திசை பார்க்க வேண்டும், அந்தத் திசையில் தாமதம் படிப்படியாகக் கூட வேண்டும். அல்லது சிறிய ஸ்பீக்கர்களை 5, 6 மீட்டர் இடைவெளியில் கூரையிலிருந்து கீழ்நோக்கி, குறைந்த அளவில் பேசவிடலாம். இரண்டாவது வழியில் தாமதமே தேவையில்லை.

வெப்பநிலையும் கணக்கில் வரும். ஒரு டிகிரிக்கு ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் மாறுகிறது. மே மாத 40 டிகிரி நண்பகலுக்கும் மார்கழி விடியலின் 22 டிகிரிக்கும் இடையே, 100 மீட்டர் தூரத்தில் 8 முதல் 9 மில்லிவினாடி வேறுபாடு விழும். ஹாஸ் வகுத்த எல்லைக்குள் இது அடங்கிவிடுவதால் பேச்சுக்குக் கவலையில்லை. ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் இரவுகளில் எங்கோ உள்ள அம்மன் கோயில் பாட்டு பல தெரு தாண்டிக் கேட்பதற்கும் வெப்பநிலையே பெருங்காரணம்: இரவில் தரையருகே காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருப்பதால் ஒலி தரையை நோக்கி வளைகிறது. அதைச் செயலியால் தடுக்க இயலாது.

பாக்ஸ் ஸ்பீக்கருக்குள்ளும் தாமதம் தேவைப்படுகிறது. தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கோன், உயர்ந்த ஒலிக்குச் சிறு ஹார்ன் என்று இரண்டாகப் பிரியும் இடம் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை. மெய்யொலிகள் குடியிருக்கும் பட்டையின் வாசல் அது. 1,700 ஹெர்ட்ஸில் அலைநீளம் 20 சென்டிமீட்டர். ஹார்னின் யூனிட் கோனைவிட 10 சென்டிமீட்டர் பின்னால் இருந்தாலே இரண்டும் எதிரெதிராக மோதி, அந்த அதிர்வெண் காணாமல் போகும். செயலி, கோனின் ஒலியை ஒரு மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாமதித்து இரண்டையும் ஒன்றுசேர்க்கிறது.

மைக் ஊளையிடுவது அடுத்தது. ஸ்பீக்கர் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து சுற்றிச்சுற்றிப் பெருகும்போது, ஏதோ ஓர் அதிர்வெண் முதலில் எகிறும். செயலி அதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் ஊசிபோன்ற பள்ளம் வெட்டுகிறது. நாலைந்து பள்ளங்கள் வரை குரலில் வேறுபாடு தெரியாது. இருபது வெட்டினால் குரலே ஓட்டையாகிவிடும். மான்பிரெட் ஷ்ரோடர் 1960களில் முன்வைத்த வேறொரு வழி, முழு ஒலியையும் சில ஹெர்ட்ஸ் நகர்த்தி, சுற்றில் ஒரே அதிர்வெண் திரும்பத் திரும்பக் குவியாமல் செய்வது. பேச்சுக்கு அது பொருந்தும். நாதஸ்வரத்துக்கோ பாட்டுக்கோ கூடவே கூடாது, சுருதி கெடும்.

செயலி கைவிரிக்கும் இடம் கல்யாண மண்டபம். பூந்தமல்லி நெடுஞ்சாலையோர மண்டபங்களைப் போல, டைல்ஸ் தரையும் பூச்சுச் சுவரும் கான்கிரீட் கூரையும் கொண்ட ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளலாம்: 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். வாலஸ் சபைன் நூறாண்டுகளுக்கு முன்பே கொடுத்த சூத்திரப்படி, கன அளவான 2,700ஐ 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் வரும். 1,440 சதுர மீட்டர் பரப்பு சராசரியாக 8 விழுக்காடு உறிஞ்சினால், காலியான கூடத்தில் முழக்கம் 3.8 வினாடி நீடிக்கும். பேச்சுக்கு ஏற்றது ஏறத்தாழ ஒரு வினாடி. 400 பேர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று கொண்டு, அது 1.5 வினாடிக்கு இறங்கிவிடும். முந்தைய நாள் காலிக் கூடத்தில் காது வைத்துச் செய்த அமைப்பு முகூர்த்த நேரத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

முழக்கத்தை எண்களில் கழித்துவிட முடியாது. ஒலி ஸ்பீக்கரை விட்டு வெளியே வந்த பிறகு செயலிக்கு அதன்மேல் அதிகாரமில்லை. கூரையை நோக்கிப் பாயும் ஒலியைக் குறைக்கத் தூண் ஸ்பீக்கர் பயன்படும், ஆள்களுக்கு அருகே ஸ்பீக்கரைக் கொண்டுவருவது பயன்படும், சுவரில் திரைச்சீலையும் கூரையில் உறிஞ்சு பலகையும் எல்லாவற்றையும்விடப் பயன்படும். இந்த நிலையில் மிக்சரில் ‘எக்கோ’ குமிழை வேறு திருப்பி வைப்பது பேச்சுக்குச் செய்யும் பெரும் கேடு. பாட்டுக் கச்சேரிக்கு அழகூட்டும் அந்த எதிரொலி, பெயர் அறிவிப்பிலும் வாழ்த்துரையிலும் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலைமேல் போடுகிறது. பேச்சுக்கான மைக் வழியில் எக்கோவை முற்றிலும் மூடிவைத்தாலே, காசில்லாமல் பாதித் தெளிவு வந்துவிடும்.

சரிசெய்தது சரிதானா என்று அளக்கவும் முறை உண்டு. நெதர்லாந்தில் ஹவுட்காஸ்ட், ஸ்டீனகன் இருவரும் 1970களில் உருவாக்கிய பேச்சுப் பரிமாற்றக் குறியீடு, பேச்சின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு கேட்பவர் இருக்கைவரை குலையாமல் வந்து சேர்கிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்கிறது. அவசர அறிவிப்பு அமைப்புகளுக்கு 0.5 என்பது வழக்கமான கீழ் எல்லை. அளவுக்கருவி இல்லாதவர்கள், ஓசையொத்த ஐம்பது சொற்களைக் கலைத்து மைக்கில் ஒருவர் வாசிக்க, கடைசி வரிசையில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி செய்யலாம். பேசுபவருக்கும் எழுதுபவருக்கும் அமைப்போடு பழக்கம் இல்லாமல் இருந்தால் முடிவு நம்பத்தக்கது. சவுண்ட் சர்வீஸ்காரரே எழுதினால் எல்லாச் சொல்லும் சரியாகவே வரும்.

கடைசிக் கட்டத்தில் இருப்பது வரம்பி. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையைச் சீவத் தொடங்கினால், கரகரப்பும் சேரும், ஹார்ன் யூனிட்டும் எரியும். அதற்கு முன்பே அளவைப் பிடித்து நிறுத்துவது வரம்பியின் வேலை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டால், கூட்ட நேரத்தில் யார் வந்து குமிழைத் திருப்பினாலும் ஒலி குறித்த அளவைத் தாண்டாது. இந்தப் பூட்டு சட்டத்துக்கும் உதவும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லைக்கோட்டில் பகுதி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

ஒரே குழாய் ஒரு மீட்டரில் 110 டெசிபல் கொடுத்தால், 5 மீட்டரில் நிற்பவர் காதில் 96 டெசிபல் அறைகிறது. 50 மீட்டர் தள்ளியுள்ள வீட்டில் 76 விழுகிறது. அதற்குப் பதிலாக ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் பத்துச் சிறு தூண் ஸ்பீக்கர்களைக் கூட்டத்தின் நடுவே பரப்பினால், 8 மீட்டரில் இருப்பவருக்கு 72 டெசிபல் தெளிவாகக் கிடைக்கும். 50 மீட்டரில் ஒவ்வொன்றும் 56 டெசிபல், பத்தும் ஒன்றாகச் சேர்ந்தாலும் 66. முதல் அமைப்பு குடியிருப்புப் பகுதியில் ஒலிபெருக்கிக்கான பகல் எல்லையை (55+10) 11 டெசிபல் மீறுகிறது, இரண்டாவது ஏறக்குறைய எல்லையிலேயே நிற்கிறது. இன்னும் 2 டெசிபல் இறக்கினால் விதிக்குள் வந்துவிடும். இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. பண்டிகை நாள்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு இதைத் தளர்த்தலாம். நள்ளிரவு 12 மணிக்குமேல் அந்தத் தளர்வும் செல்லாது.